அப்பத்தா சொல்லும் கதை புத்தகத்தில் இல்லையே!

கடிதம்

திருப்பூர் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஊரும் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. கணவருக்கு ஷிப்ட் வேலை. மகனுக்கு மூன்றரை வயது, இந்த ஆண்டுதான் பிரீ.கே.ஜி. சேர்ந்திருக்கிறான். மகளுக்கு 9 மாதம். காலை எட்டரையிலிருந்து மாலை ஏழு வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது கணவரின் அம்மா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

பள்ளியில் "வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி 1,800 ரூபாய்க்கு இங்கிலீஷ் படப் புத்தகங்களும் பாட்டுப் புத்தகங்களுமாக 12 வாங்கிவிட்டார். தினமும் இரவு விரல் வைத்து வரி வரியாகப் படித்துக்காட்டுகிறார். மகன் எழுத்தைப் பார்ப்பதே இல்லை. பாதியில் பக்கத்தைத் திருப்புகிறான், கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் வருகிறான், பன்னிரண்டில் ஒரே ஒரு கரடிப் புத்தகத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறான். மகள் எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்கிறாள். மூன்று புத்தகங்கள் கிழிந்தாயிற்று.

ஒருநாள் அவர் வேலையிலிருந்து சீக்கிரம் வந்தபோது, மாமியார் அந்தக் கரடிப் புத்தகத்தை மடியில் வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாராம். படத்தில் கரடி தோளில் ஒரு மூட்டையோடு நிற்கிறது. புத்தகப்படி அது தூங்க இடம் தேடுகிறது. மாமியார் கதையில் அது சந்தைக்குப் போய்த் தக்காளி விலை கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் அதே படத்துக்கு வேறு கதை. "அத்தை, அதுல இருக்கறதைச் சொல்லுங்க. இல்லேன்னா விட்டுருங்க, ராத்திரி நானே படிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாமியார் புத்தகத்தைத் தொடுவதில்லை. பகலெல்லாம் போனில் பாட்டு ஓடுகிறது.

"அத்தை பாடும் பாட்டுகளுக்குப் பாதிக்கு மேல் அர்த்தமே இல்லை. அவற்றால் என்ன பயன்? இரண்டு மொழியைக் கலந்தால் பேச்சு குழம்பிவிடாதா? புத்தகங்கள் வாங்கியது வீணா? அத்தைக்கு இதையெல்லாம் எப்படிப் புரியவைப்பது?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

பதில்

அன்புச் சகோதரிக்கு,

பேச்சு மற்றும் மொழிப் பயிற்சியாளராகப் பல ஆண்டுகள் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள் நான். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் நிம்மதியான செய்தி: நீங்கள் குறை என்று எழுதியிருக்கும் எதுவும் குறை இல்லை. எழுத்தைப் பார்க்காமலிருப்பது, பின்னாலிருந்து புரட்டுவது, ஒரே புத்தகத்தைக் கேட்பது, கடிப்பது, கிழிப்பது எல்லாமே அந்தந்த வயதில் எதிர்பார்க்க வேண்டியவைதான்.

என்னைச் சங்கடப்படுத்தியது கடைசிக் கேள்வி. அத்தைக்குப் புரியவைக்க ஒன்றுமில்லை, சகோதரி. ஒரு படப் புத்தகத்தைக் குழந்தையோடு எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று உங்கள் வீட்டில் தெரிந்திருந்தவர் அவர்தான். அவரைத்தான் நிறுத்தியிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பத்து மணி நேரம் வேலை செய்துவிட்டு வந்து, கண் சொக்கச் சொக்கப் பிள்ளைக்குப் புத்தகம் படிக்கிற தாயின் அக்கறை எனக்குத் தெரிகிறது. படிப்பு என்றால் அச்சில் இருப்பதை அப்படியே வாசிப்பது என்றுதான் நமக்கெல்லாம் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்தது. மூன்றரை வயதுக்கு அந்த இலக்கணம் பொருந்தாது.

உங்கள் மகன் படத்தைப் படிக்கிறான்

2005-ல் கனடாவைச் சேர்ந்த ஈவன்ஸ், செயின்ட் ஆபின் என்ற இரு ஆய்வாளர்கள், பெரியவர் படித்துக்காட்டும்போது குழந்தையின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். எழுத்தின் பக்கம் அது அநேகமாகப் போகவே இல்லை. படத்திலேயே நின்றது. குழந்தை காதால் சொல்லை வாங்கி, அந்தச் சொல்லுக்கான பொருளைக் கண்ணால் படத்தில் தேடுகிறது. 'மூட்டை' என்று கேட்டதும் கரடியின் தோளைப் பார்க்கிறதே, அங்கேதான் சொல்லும் பொருளும் ஒட்டுகின்றன. நீங்கள் விரல் வைத்து வரியைக் காட்டும்போது, அவன் தேடுவதை விட்டுவிட்டு உங்கள் விரலைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் பக்கத்தைத் திருப்பிவிடுகிறான்.

இப்போது அந்தத் தக்காளி விலைக்கு வருவோம். அத்தைக்கு அச்சு தெரியாது. ஆனால் படத்தில் மூட்டை தெரிந்தது. மூட்டை தூக்கிக்கொண்டு ஒருத்தர் எங்கே போவார்? அவர் அறிந்த உலகத்தில் சந்தைக்குத்தான் போவார். படத்தில் கண்டதை வைத்துக் காணாததை ஊகிப்பது இது. நான்கு வருடம் கழித்துப் பள்ளியில் 'படித்துப் புரிந்துகொள்ளுதல்' என்று மதிப்பெண் போடப்போவதும் இதற்குத்தான். அந்த இடத்தில் உங்கள் மகன் என்ன செய்தான் என்று நீங்கள் எழுதவில்லை. "எத்தனை ரூபாயாம், அப்பத்தா?" என்று கேட்டிருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அச்சில் இருப்பதை வாசிப்பதைவிடப் படத்தை வைத்துப் பேசுவது பேச்சை வளர்க்கும் என்பதற்குச் சான்றும் உண்டு. 1988-ல் அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரின் குழு, இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் பெற்றோரை இரு பிரிவாக்கியது. எல்லாருமே பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டினார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கவும், குழந்தை சொன்னதைக் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்லவும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சில் மற்றவர்களைவிடப் பல மாதம் முன்னால் இருந்தார்கள். 'நீட்டிச் சொல்வது' என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை:

"நாய்!"

"ஆமா, நனஞ்ச நாய்."

"நனஞ்ச நாய்."

"மழைல நனஞ்ச நாய். அதுக்குக் குளுருமா?"

அவ்வளவுதான். குழந்தை ஒரு சொல் வைத்தால் நீங்கள் ஒன்று கூட்டி வையுங்கள். பிறகு ஐந்து எண்ணும் நேரம் வாயைத் திறக்காமல் காத்திருங்கள். இந்தக் காத்திருப்புதான் பெற்றோர்களுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. என் அறையில் நான் அதிகம் சொல்லும் வார்த்தையே "கொஞ்சம் இருங்க" என்பதுதான். ஒரு எச்சரிக்கையும் உண்டு. "இது என்ன கலர்? எத்தனை கால்? இங்கிலீஷ்ல என்ன?" என்று அடுக்கினால் மடி பரீட்சை மண்டபமாகிவிடும். பிள்ளை இறங்கி ஓடிவிடும்.

அப்படியானால் நீங்கள் இரவில் படிப்பது தேவையில்லையா? கட்டாயம் தேவை. அத்தையின் கதை நாளுக்கு ஒன்றாக மாறுகிறது, உங்கள் குரலில் வருவது மாறாமல் வருகிறது. பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். அச்சில் இருப்பது நேற்றும் இன்றும் ஒன்றுபோலவே ஒலிக்கிறது என்பதை அவன் உங்களிடமிருந்துதான் கற்றுக்கொள்வான். எழுத்து என்றால் என்ன என்பதற்கு முதல் பாடம் அது. ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியை விட்டுப் பாருங்கள், "இல்லம்மா, அப்டி இல்ல" என்று பிடித்துக்கொள்வான்.

ஒரே கரடிப் புத்தகத்தைக் கேட்பதும் இதனால்தான். 2011-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுக் குழந்தைகளில் ஒரு சாராருக்கு ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பவும், இன்னொரு சாராருக்கு வெவ்வேறு கதைகளையும் படித்தார்கள். இரு சாராரும் புதிய சொற்களைச் சம எண்ணிக்கையிலான தடவைதான் கேட்டார்கள். ஆனால் ஒரே கதையைத் திரும்பக் கேட்டவர்களுக்கே அந்தச் சொற்கள் நினைவில் நின்றன. மற்ற பதினொரு புத்தகங்கள் கண்ணில் படும்படி கீழ்த்தட்டில் இருக்கட்டும். கரடி சலிக்கும் நாளில் அவனே இன்னொன்றை எடுத்து வருவான்.

அர்த்தமில்லாத பாட்டு

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுத ஆசைப்படுகிறேன்.

நம் மொழியில் பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெய்வத்தையோ தலைவனையோ குழந்தையாக வைத்துப் பத்துப் பருவங்களில் பாடுவது. பத்தாம் வகுப்பில் பருவங்களின் பெயரை மனப்பாடம் செய்துவிட்டு மறந்திருப்போம். பேச்சுப் பயிற்சிக்கு வந்த பிறகுதான் எனக்கு அந்தப் பட்டியலின் அருமை தெரிந்தது. ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையும் ஊன்றித் தலை நிமிர்த்திக் குழந்தை ஆடும் பருவம். ஏழாம் மாதம் தால்: 'தால்' என்றால் நாக்கு, நாவை அசைத்துப் பாடும் தாலாட்டு. ஒன்பதாம் மாதம் சப்பாணி: கைகொட்டுதல். பதினைந்தாம் மாதம் அம்புலி: நிலாவைச் சுட்டிக்காட்டி விளையாட அழைத்தல். குழந்தையின் உடம்பு எந்த மாதம் எதற்குத் தயாராகிறதோ, அந்த அசைவுக்கு ஒரு பாட்டு. இன்று குழந்தை வளர்ச்சியை அளக்கும் அட்டவணையிலும் ஒன்பது மாதத்தையொட்டிக் கைதட்டலும், ஒன்றேகால் வயதுக்குள் சுட்டிக்காட்டலும் இருக்கின்றன.

உங்கள் மகளுக்கு இப்போது 9 மாதம். அத்தை அவள் இரு கையையும் பிடித்துத் தட்டிப் பாடுகிறாரென்றால், அது சப்பாணிப் பருவம் உங்கள் வீட்டுக் கூடத்தில் நடக்கிறது என்று பொருள். அந்தப் பாட்டுக்கு அர்த்தம் சொற்களில் இல்லை, கையிலும் தாளத்திலும் பாடுகிறவர் முகத்திலும் இருக்கிறது. பாட்டு நிற்கும்போது குழந்தை உடம்பை அசைத்து 'இன்னும்' என்று கேட்கும். பேச்சின் முதல் படி அது: நீ, நான், நீ, நான் என்று முறை மாற்றிக்கொள்வது.

மகனுக்குப் பலன் வேறு. எங்கள் மையத்துக்கு வரும் பிள்ளைகளுக்காக நான் கட்டிய சிறு பாட்டு ஒன்றைப் பாருங்கள்:

மண்ணுக்குள்ளே எறும்பு
கண்ணுக்குள்ளே குறும்பு
வெல்லக்கட்டி கரும்பு
வீட்டைப் பார்த்துத் திரும்பு

கண்ணுக்குள் குறும்பு எப்படி இருக்கும், கரும்பு ஏன் வெல்லக்கட்டி ஆனது என்று கேட்டால் பதில் கிடையாது. ஆனால் பாடிப் பாருங்கள். மண், கண் என்று இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது எதுகை. வெல்லம், வீடு என்று முதலெழுத்தின் ஓசை இணங்குவது மோனை. எறும்பு, குறும்பு, கரும்பு, திரும்பு என்று கடைசி ஒன்றுவது இயைபு. பிள்ளைக்கு இந்தப் பெயர் எதுவும் தெரிய வேண்டாம். குறும்பையும் கரும்பையும் பிரிப்பது ஆரம்பத்தில் இருக்கும் சின்ன ஓசைதான் என்று அவன் காது பிடித்துவிடுகிறது. சொல் என்பது ஓசைகளால் ஆனது, ஒன்றை மாற்றினால் வேறு சொல் வரும் என்ற இந்த உணர்வுதான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு அடித்தளம். 1983-ல் பிராட்லி, பிரையன்ட் என்ற ஆங்கில ஆய்வாளர்கள் நான்கைந்து வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். ஓசை ஒற்றுமையை அன்றைக்கு நன்றாகப் பிடித்த பிள்ளைகளே சில ஆண்டுகள் கழித்துப் படிப்பதிலும் எழுத்துப் பிழையின்றி எழுதுவதிலும் முன்னால் நின்றார்கள்.

247 எழுத்தையும் அட்டையில் காட்டி மிரட்டுவதற்கு முன்னால் காது தயாராக வேண்டும். அந்த வேலையை அத்தை சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தார்.

இரட்டைக்கிளவிகளையும் விட்டுவிடாதீர்கள். குடுகுடு, மடமட, சலசல, கிடுகிடு என்று நம் மொழியில் கொட்டிக்கிடக்கின்றன. அவற்றைத் தனியாகப் பிரித்தால் பொருள் இல்லை, ஆனால் 'குடுகுடுவென்று ஓடினான்' என்றால் காலே தெரிகிறது. படப் புத்தகத்தில் எங்கெல்லாம் ஓட்டம், மழை, சிரிப்பு வருகிறதோ அங்கெல்லாம் ஒன்றைப் போடுங்கள். மூன்றாம் தடவை அவன் உங்களுக்கு முன்னால் சொல்வான்.

எல்லாப் பழைய பாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கச் சொல்லவில்லை. "அழுதா பூச்சாண்டி தூக்கிட்டுப் போயிருவான்", "சோறு திங்கலேன்னா போலீஸ் வரும்" என்பவை பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கும். கறுப்பையும் குண்டையும் கேலி செய்யும் வரிகளும் வேண்டாம். அவை வந்தால் பிள்ளைகள் எதிரில் அத்தையைத் திருத்தாதீர்கள். அடுத்த நாள் நீங்களே பாடும்போது பூச்சாண்டியை வழுக்கி விழவைத்துச் சிரிக்கவைத்துவிடுங்கள். பிள்ளை அந்த வடிவத்தைத்தான் அப்பத்தாவிடம் கேட்பான்.

எந்தத் தமிழ், எவ்வளவு இங்கிலீஷ்?

இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகும், குழம்பும் என்பது தவறான நம்பிக்கை. பிள்ளை ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலந்து பேசினாலும் அது குழப்பம் அல்ல, கையில் இருக்கிற சொல்லை எடுத்துப் போடுகிறான். தீங்கு வேறு வழியில் வருகிறது. உங்களுக்கு இயல்பாக வராத மொழியில் பேசியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்திக்கொண்டால், பேச்சே குறைந்துபோகும். "கம் ஹியர், சிட் டவுன், ஈட் ஃபாஸ்ட்" என்று கட்டளைகள் மட்டும் மிஞ்சும். சந்தையில் கரடி பேரம் பேசும் கதையை நீங்கள் எந்த மொழியில் கொட்ட முடிகிறதோ, அதுதான் உங்கள் பிள்ளையின் மூளைக்கு உணவு. தமிழில் ஆழமாகப் பிடித்த சொல்லும் கதை கட்டும் திறமையும் பின்னால் இங்கிலீஷுக்கும் கூடவே போகும். குழந்தைக்குக் கல்வி தொடங்கச் சிறந்த மொழி தாய்மொழிதான் என்று யுனெஸ்கோ 1953-லேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது.

பள்ளி என்ன சொன்னாலும், உங்கள் வீட்டில் எந்த மொழியில் பேசுவது என்பது உங்கள் உரிமை. ஆசிரியையிடம் சண்டைக்குப் போக வேண்டாம். "மேடம், வீட்ல தமிழ்ல நிறைய கதை சொல்றோம், பாட்டுப் பாடறோம். இங்கிலீஷ் நீங்க ஆரம்பிச்சு வைங்க, நாங்க கூடவே வர்றோம்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். பள்ளியில் கற்றுத்தரும் இங்கிலீஷ் பாட்டை வீட்டில் சேர்ந்து பாடுவதில் ஒரு கெடுதலும் இல்லை. அதன் ஓசை அழகும் பிள்ளைக்குச் சொத்துதான்.

நீங்கள் வாங்கிய 12 புத்தகங்களும் வீண் இல்லை. படத்துக்கு மொழி கிடையாது. பகலில் அத்தை அவற்றைத் தமிழாக்கட்டும். இரவில் நீங்கள் முதலில் படத்தைப் பார்த்துத் தமிழில் பேசிவிட்டு, பிறகு இங்கிலீஷ் வரியை ஒருமுறை ஓசையோடு படியுங்கள்.

இன்னொரு சிக்கலை நீங்கள் சொல்லவில்லை, ஆனால் தமிழ்ப் புத்தகம் வாங்கிய உடனே அது முளைக்கும். அச்சில் 'கரடி வீட்டிற்குச் சென்றது' என்று இருக்கும். உங்கள் மகன் அறிந்ததோ 'கரடி ஊட்டுக்குப் போச்சு'. பல பெற்றோர்கள் இந்த இடத்தில் தடுமாறிப் புத்தகத்தையே மூடிவிடுகிறார்கள். கதையென்றால் முதலில் உங்கள் பேச்சில் சொல்லிவிடுங்கள், அடுத்து அச்சு வரியைப் படியுங்கள். 'சென்றது' என்றால் 'போச்சு' என்று நாலைந்து நாளில் அவனே கண்டுபிடிப்பான். பாட்டென்றால் ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே பாடுங்கள். தாளம் இருந்தால் எழுத்துத் தமிழ் தொண்டையில் சிக்காமல் இறங்கிவிடும். அத்தையின் கொங்குப் பேச்சைத் திருத்துவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். 'அப்பத்தா மாதிரி பேசாதே' என்று கேட்டு வளரும் குழந்தைகளை என் அறையில் பார்த்திருக்கிறேன். பேசுவதற்கே யோசிக்கிற பிள்ளைகளாகிவிடுகிறார்கள்.

கிழிசல், கடி, போன்

9 மாதக் குழந்தைக்கு வாய்தான் கை. மெல்லிய தாள் புத்தகங்களை அவளுக்கு எட்டாமல் வைத்து, கெட்டி அட்டைப் புத்தகம் இரண்டு மட்டும் கொடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும். பெரிய படம், ஒரு பக்கத்துக்கு ஒரு பொருள், அதுவும் அவள் தினம் பார்க்கிற டம்ளர், காக்கா, செருப்பு என்று இருந்தால் நல்லது. மகன் கிழித்ததை அவனையே பக்கத்தில் வைத்துக்கொண்டு செல்லோடேப் போட்டு ஒட்டுங்கள்.

போனைப் பற்றி: உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒரு வயதுக்குக் கீழ் திரையே கூடாது. மூன்று, நான்கு வயதுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. குழந்தை உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர் படித்துக்காட்டுவதையும் கதை சொல்வதையும்தான் அது ஊக்குவிக்கிறது. போனில் ஓடுவதும் பாட்டுத்தானே என்று கேட்கலாம். அந்தப் பாட்டு பிள்ளைக்காக நிற்காது. அவன் "எறும்பு!" என்று கத்தினால் "ஆமாண்டா, கட்டெறும்பு" என்று திருப்பிச் சொல்லாது. ஆனால் அத்தையிடமிருந்து போனைப் பிடுங்குவதில் தொடங்காதீர்கள். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு அடுப்பு வேலையும் பார்க்கிறவருக்கு அது ஒரு துணை. புத்தகம் மடிக்குத் திரும்பினால் போன் நேரம் தானாகக் குறையும். மீதியை அப்புறம் பேசலாம்.

இனி வாங்குவதானால்

தமிழிலோ இரு மொழியிலோ இருக்கும் படப் புத்தகங்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. 1957-ல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்டின் குழந்தை நூல்கள் விலை குறைவு. சென்னையில் 1996-லிருந்து துளிகா இங்கிலீஷும் தமிழும் ஒரே பக்கத்தில் வரும் புத்தகங்கள் போடுகிறது. அவற்றில் நம் வீட்டு முற்றமும் நம் பிள்ளைகளின் முகமும் இருக்கும். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். கம்பெனியில் பிரிண்ட் எடுக்க முடிந்தால் நூல் கோத்துத் தைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைக்கு அதைவிடப் பெருமை இல்லை. திருப்பூரில் ஆண்டுதோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது, அதற்கு அத்தையையும் அழைத்துப் போங்கள். அவர் எந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறாரோ அந்தப் புத்தகத்தை வாங்குங்கள்.

பாட்டுப் புத்தகத்துக்கு ஒரு சோதனை சொல்கிறேன். கடையிலேயே நான்கு வரி வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கினால் திருப்பி வைத்துவிடுங்கள். இங்கிலீஷ் பாட்டை வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கிய பல புத்தகங்கள் இந்தச் சோதனையில் தேறுவதில்லை. அறிவுரையை மட்டும் அடி பிரித்து அடுக்கியவையும் தேறாது.

மாதாமாதம் வாங்கவும் வேண்டாம். கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். அன்றைய சென்னை மாகாணத்தில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். குழந்தைப் புத்தகம் இல்லையென்றால் நூலகரிடம் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கேட்கிறவர் இருந்தால்தான் வாங்கிவைப்பார்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

நீங்கள் எழுதியதில் எனக்கு எச்சரிக்கை மணி எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் நேரில் பார்க்காமல் எழுதுவதால் சொல்லிவைக்கிறேன். மகள் 'பப்பப்பா, மம்மம்மா' என்று அடுக்கிப் பேசாமலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமலோ இருந்தால் காத்திருக்காதீர்கள். மகன் பேசுவது வெளியாட்களுக்குப் பெரும்பாலும் புரியாமலிருந்தாலும், முன்பு பேசிய சொற்கள் குறைந்துகொண்டே வந்தாலும் அதேதான். முதலில் செய்ய வேண்டியது காது பரிசோதனை. 'போன் பார்த்ததால்தான்', 'அப்பா வழியிலே எல்லாருமே லேட்டாத்தான் பேசினாங்க' என்று நாமே காரணம் சொல்லிக்கொண்டு ஒரு வருடத்தை இழக்கக் கூடாது. மாவட்டத்தில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் இந்தப் பரிசோதனைகளும் பயிற்சியும் இலவசம். அங்கன்வாடியில் கேட்டால் வழி சொல்வார்கள்.

அத்தையிடம் என்ன சொல்வது?

மன்னிப்புக் கேட்பதைப் பெரிய சடங்காக்க வேண்டாம். பெரும்பாலான மாமியார்களுக்கு அது கூச்சத்தைத்தான் தரும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரிடம் 'அதுல இருக்கறதைச் சொல்லுங்க' என்றபோது, நீங்கள் நினைத்தது ஒன்று, அவர் காதில் விழுந்தது வேறு. தன்னால் முடியாததைச் சுட்டிக்காட்டியதாகத்தான் அவருக்குக் கேட்டிருக்கும். ஆகவே விளக்கம் தேவையில்லை, அவருக்கு அந்த இடம் திரும்பக் கிடைத்தால் போதும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, சமையல் முடிந்து அவர் காலை நீட்டி உட்காரும் நேரமாகப் பாருங்கள். மகனை அவர் மடியில் விட்டு, கரடிப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, நீங்களும் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். "அத்தை, அன்னைக்கு இந்தக் கரடி சந்தைக்குப் போச்சுன்னீங்களே, நான் பாதில வந்து கெடுத்துட்டேன். தக்காளி என்ன வெலைக்குக் கெடச்சுதுங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்ல ஆரம்பித்ததும் நடுவில் பேசாதீர்கள்.